வண்டி வாங்கும் முன் பாரத்தை எடை போடுங்கள்
(டிராக்டர், டிரெய்லர், சுமை வண்டி: ஒரு கணக்குப் பாடம்)



இயற்கை வேளாண்மைக்கு மாறுகிறவர்கள் உரக்கடைக்குக் கொடுத்த பணம் மிச்சம் என்று சந்தோஷப்படுவது நியாயம்தான். ஆனால் அந்த இடத்தில் இன்னொரு செலவு வந்து உட்கார்ந்துகொள்ளும். அதுதான் பாரம் சுமக்கிற செலவு. ஒரு மூட்டை யூரியா ஐம்பது கிலோகூட இல்லை, சைக்கிளில் கொண்டுவந்துவிடலாம். அதன் இடத்தில் நாம் போடுகிற தொழுவுரம் டன் கணக்கு. ஏரி வண்டல், மக்கு, ஜீவாமிர்த டிரம், மூடாக்குக்கு வைக்கோல், விளைந்த பிறகு நேரடி விற்பனைக்குக் காய்கறி என்று எல்லாமே பாரம்தான். அதனாலே, "ஒரு வண்டி வாங்கிப் போட்டுடலாமா?" என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இரண்டாம் வருசமே வந்துவிடுகிறது.

வங்கியில் வேலை பார்த்த காலத்தில் டிராக்டர் கடன் மனுக்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். எத்தனை குதிரைத்திறன், என்ன விலை, எத்தனை ஏக்கர், எத்தனை தவணை என்பதெல்லாம் அதில் இருக்கும். "ஒரு நடைக்கு எவ்வளவு எடை இழுக்கப்போறீங்க? எந்த வழியில இழுக்கப்போறீங்க?" என்ற கேள்வி மட்டும் எந்தத் தாளிலும் இருக்காது. வண்டியை ஓட்டப்போகிறவர் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி அதுதான். அந்தக் கேள்விக்கு விடை காணும் முறையைப் படிப்படியாகப் பார்ப்போம். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

1. முதலில் சரக்கின் எடை

பெட்டி நிறைந்தால் லோடு ஆயிற்று என்று நினைக்கிறோம். பெட்டி அளப்பது கொள்ளளவை, அச்சு சுமப்பது எடையை. நூறு கன அடி, அதாவது நாம் 'ஒரு யூனிட்' என்று சொல்வது, சரக்குக்குச் சரக்கு எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். (ஈரத்தைப் பொறுத்து ஏறும், இறங்கும். இது ஏறத்தாழக் கணக்கு.)

- உதிரி வைக்கோல்: 150 கிலோ
- காய்ந்த தொழுவுரம்: 1,400 கிலோ
- ஈரத் தொழுவுரம்: 2,300 கிலோ
- நெல்: 1,600 கிலோ
- தண்ணீர், ஜீவாமிர்தம்: 2,800 கிலோ
- உலர்ந்து உதிர்ந்த வண்டல்: 3,400 கிலோ
- மணல், ஈர வண்டல்: 4,500 கிலோ, அதற்கு மேலும்

ஒரே டிரெய்லர்தான். வைக்கோல் ஏற்றினால் மாடுகூட இழுக்கும். ஈர வண்டலைக் கூம்பாரமாகக் குவித்தால் ஐந்து டன்னைத் தொட்டுவிடும். பழைய ஓட்டுநர்கள் "பாதிப் பெட்டி போதும்பா" என்று சொல்வது இதனால்தான்.

திரவ உரத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம் என்றால் பத்து ஏக்கருக்கு 2,000 லிட்டர். அதுவே இரண்டு டன். பாதி நிறைந்த தொட்டியில் திரவம் அலைபாய்ந்து, திருப்பத்தில் வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளும். ஒரே பெரிய தொட்டியைவிட, முழுக்க நிரப்பிய 200 லிட்டர் டிரம்களை நெருக்கி வைத்துக் கட்டிக் கொண்டுபோவது நல்லது.

2. ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எண்கள்

சுமை வண்டியின் ஆர்.சி.யில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று வெறும் வண்டி எடை. மற்றது பாரத்தோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. ஓட்டுநரின் எடை வெறும் வண்டி எடையில் சேராது என்பதை மறக்கக்கூடாது.

எடுத்துக்காட்டாக, மொத்த எடை 2,500 கிலோ, வெறும் வண்டி 1,250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மீதி 1,250. ஓட்டுநரும் ஏற்றி இறக்க ஓர் ஆளும் 130 கிலோ. ஐம்பது பிளாஸ்டிக் கிரேடு, காலிக் கிரேடு இரண்டு கிலோ என்றால் 100 கிலோ. கழித்தால் 1,020. ஆக, "ஒண்ணேகால் டன் வண்டி" என்று விற்பனையாளர் சொல்வதில் போகும் காய்கறி ஒரு டன்தான். கிரேடுக்கு இருபது கிலோ வீதம் ஐம்பது கிரேடு. பக்கத்துக்குக் கூடுதல் கம்பி வேலியும், மேலே தார்ப்பாய்ச் சட்டமும் அடித்தால் அந்த எடையும் உங்கள் கணக்கில்தான் கழியும்.

2005-ல் டாடா ஏஸ் வந்தபோது நம் ஊர்க்காரர்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்தார்கள். அது முக்கால் டன் சுமக்க வந்த வண்டி. பேர் யானை என்பதால் யானைப் பாரம் ஏற்றினால் பிளேட்டு தட்டையாகும், டயர் வெடிக்கும், பிரேக் பிடிக்காது. வாரம் 600 கிலோ காய் கொண்டுபோகிறவருக்கு அது போதும். 1,200 கிலோ கொண்டுபோகிறவர் அசோக் லேலண்டு தோஸ்த், பொலிரோ பிக்கப் போன்ற அடுத்த அளவைப் பார்க்க வேண்டும். இவற்றிலும் ரகத்துக்கு ரகம் சுமை மாறும். பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், வாங்கப்போகும் அதே ரகத்தின் அந்த இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள்.

3. குதிரைத்திறன் இழுக்காது, பிடிமானம்தான் இழுக்கும்

இனி டிராக்டருக்கு வருவோம். இதில்தான் பெரிய குழப்பம் இருக்கிறது.

வண்டி மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜோடி மாடு சேர்ந்து 800 கிலோ என்றால், நாள் முழுக்கச் சலிக்காமல் இழுக்கும் விசை அதில் பத்தில் ஒரு பங்கு, 80 கிலோ அளவு. ஆனால் டயர் வண்டியில் ஒரு டன்னுக்கு மேல் போகிறது. எப்படி? சக்கரத்தில் உருளும் பாரத்தை இழுக்க, பாரம் முழுவதற்கும் சமமான விசை தேவையில்லை. தார்ச்சாலையில் மொத்த எடையில் நூற்றுக்கு 2 பங்கு போதும். ஈரம் பட்டு இறுகிய மண்பாதையில் 6 பங்கு. உழுத வயலில் 15, 20 பங்குகூட ஆகும். இது உருளும் தடை. இதோடு ஏற்றம் சேரும். பத்தடி தூரத்துக்கு ஓரடி உயரும் மேடு என்றால், மொத்த எடையில் இன்னும் 10 பங்கு.

இப்போது ஒரு 45 குதிரைத்திறன் டிராக்டரை எடுத்துக்கொள்வோம். டிராக்டர் எடை 2 டன். டிரெய்லர் வெறும் எடை 1 டன். அதில் 4 டன் ஈர வண்டல். ஆக மொத்தம் 7 டன். ஏரியிலிருந்து கரை ஏற வேண்டும். ஈர மண், பத்துக்கு ஒன்று ஏற்றம்.

தேவைப்படும் விசை: 7,000 கிலோவில் நூற்றுக்கு 16 பங்கு = 1,120 கிலோ.

எஞ்சினால் முடியுமா? ஒரு குதிரைத்திறன் என்பது 75 கிலோ விசையை நொடிக்கு ஒரு மீட்டர் இழுப்பது. மெதுவாக, நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போனால் 45 × 75 = 3,375 கிலோ. கியரிலும் டயரிலும் போகிற இழப்பு 30 பங்கைக் கழித்தாலும் 2,300 கிலோவுக்கு மேல் நிற்கிறது. எஞ்சினுக்கு இது தூசு.

சக்கரத்தால் முடியுமா? பின்சக்கரத்தின் மேல் இருக்கும் எடை ஏறத்தாழ 1,300 கிலோ. இரண்டு சக்கர டிரெய்லரின் முன்பாரம் கொக்கியில் 750 கிலோ அழுத்துகிறது என்று வையுங்கள். மொத்தம் 2,050. ஈர மண்ணில் டயர் பிடிப்பது இதில் நூற்றுக்கு 45 பங்கு என்றால் 920 கிலோ. தேவை 1,120. ஆகவே சக்கரம் சுற்றும், வண்டி ஏறாது. குழி பறித்துக்கொண்டு அச்சு வரைக்கும் இறங்கும்.

அதே வண்டியில் ஒன்றரை டன் மட்டும் ஏற்றிப் பாருங்கள். மொத்தம் 4,500 கிலோ. தேவை 720. கொக்கியில் 375 கிலோ அழுத்தினால் பின்சக்கர எடை 1,675, பிடிமானம் 750. ஏறிவிடும், ஆனால் இழுத்துப் பிடித்துத்தான் ஏறும்.

இந்தக் கணக்கிலிருந்து மூன்று விசயம் தெரிகிறது.

ஒன்று, ஏரிக்கரையில் சிக்கிய டிராக்டருக்கு 55 குதிரைத்திறன் மருந்தல்ல. பின்சக்கரத்துக்கு எடையும் நல்ல பட்டன் உள்ள டயரும்தான் மருந்து. பின் டயரில் தண்ணீர் ஏற்றுவது, இரும்பு வெயிட் போடுவது எல்லாம் அதற்குத்தான். பாரத்தைக் குறைப்பது அதைவிட மலிவு.

இரண்டு, குதிரைத்திறன் தேவைப்படுவது வேகத்துக்கு. அதே 7 டன்னைத் தார்ச்சாலையில் 20 கி.மீ. வேகத்தில் இழுக்கும்போது எஞ்சின் தரக்கூடிய விசை 425 கிலோதான். சமதளத்தில் 140 போதும். மேம்பாலத்தில் நூறுக்கு ஐந்து ஏற்றம் வந்தால் 490 வேண்டும். அதனால்தான் அங்கே கியரைக் குறைக்க வேண்டியிருக்கிறது.

மூன்று, உங்கள் வழியில் உள்ள மிக மோசமான ஐம்பது அடிதான் லோடை முடிவு செய்கிறது. மீதிப் பத்து கிலோமீட்டர் தார்ச்சாலையாக இருந்து பயனில்லை.

வாங்கப்போகும் டிராக்டர் உண்மையில் எவ்வளவு இழுக்கும் என்பதற்கு விளம்பரத்தை நம்ப வேண்டியதில்லை. மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் பரிசோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. அதில் இழுவிசை எவ்வளவு என்று கிலோவாரியாக இருக்கும். "புத்னி ரிப்போர்ட் காட்டுங்க" என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். கேட்கிற உழவருக்குக் கிடைக்கும் மரியாதையே வேறு.

4. முன்பாரம், பின்பாரம்

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்பாரம் ஆனால் நுகத்தடி மாட்டின் கழுத்தை மேலே தூக்கும். முன்பாரம் ஆனால் கழுத்தை அமுக்கும். இரண்டு சக்கர டிரெய்லரும் அப்படித்தான்.

அச்சுக்குப் பின்னால் பாரம் அதிகமானால் கொக்கி டிராக்டரின் பின்பக்கத்தைத் தூக்கும். பிடிமானம் போய்விடும், வண்டி வாலாட்டும். முன்னால் அளவுக்கு மிஞ்சினால் டிராக்டரின் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஸ்டீயரிங் திருப்பினாலும் வண்டி திரும்பாது. டிரெய்லர் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு கொக்கியில் அழுத்துகிற மாதிரி, அச்சுக்குச் சற்று முன்னால் தள்ளிப் பாரம் வைப்பது சரி.

நாலு சக்கர டிரெய்லர் தன் பாரத்தைத் தானே சுமந்துகொள்ளும். சாலையில் நெடுந்தூரம் போக அது நல்லது. வயலிலும் கரையிலும் அது டிராக்டரின் பிடிமானத்துக்கு உதவாது. நம் வேலை பெரும்பாலும் வயலுக்கும் தொழுவத்துக்கும் நடுவே என்றால் இரண்டு சக்கரம் போதும்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. இழுப்பது எதுவானாலும் அதற்கென்று உள்ள தாழ்வான கொக்கியில்தான் மாட்ட வேண்டும். டாப் லிங்க் இணைக்கும் இடத்திலோ, பின் அச்சுக்கு மேலேயோ சங்கிலி கட்டி மரத்தையோ சிக்கிய வண்டியையோ இழுத்தால், டிராக்டர் முன்பக்கம் எழும்பிப் பின்னால் கவிழ்ந்துவிடும். ஓட்டுகிறவர் குதிக்கக்கூட நேரம் இருக்காது.

5. இழுப்பது சுலபம், நிறுத்துவதுதான் கஷ்டம்

நம் ஊரில் ஓடுகிற டிரெய்லர்களில் பலவற்றுக்குப் பிரேக் கிடையாது. அப்போது 2 டன் டிராக்டரின் இரண்டு பின்சக்கரம்தான் 7 டன்னையும் நிறுத்த வேண்டும். உலர்ந்த தார்ச்சாலையில், 20 கி.மீ. வேகத்தில், வெறும் டிராக்டர் பிரேக் அழுத்திய பிறகு சுமார் 4 மீட்டரில் நிற்கும். 5 டன் டிரெய்லரோடு என்றால் 9 மீட்டர். வேகம் 30 ஆனால் 20 மீட்டர். மழை பெய்தால் அதற்கும் மேலே. இதில் நாம் பார்த்துப் பிரேக்கில் கால் வைக்கிற நேரத்தில் ஓடிவிடும் தூரம் சேரவில்லை.

பல நாட்டுப் பண்ணைப் பாதுகாப்புக் குறிப்புகளில் ஒரு விதி உண்டு: பிரேக் இல்லாத டிரெய்லர், பாரத்தோடு சேர்த்து, இழுக்கும் டிராக்டரின் எடையில் ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடாது. 2 டன் டிராக்டருக்கு 3 டன். டிரெய்லர் எடை போக லோடு 2 டன். அதற்கு மேல் அடிக்கடி ஏற்றுகிறவர்கள் பிரேக் வைத்த டிரெய்லராகவே கேட்டு வாங்குங்கள். கூடுதல் செலவுதான். ஆனால் எதிரே பள்ளிக்கூடப் பிள்ளை சைக்கிளில் வரும்போது அந்தச் செலவு கணக்கில் வராது.

சாலையில் ஏறும் முன் இடது, வலது பிரேக் மிதிகளைத் தாழ்ப்பாள் போட்டு இணைத்துவிடுங்கள். வயலில் தனித்தனியாக மிதித்துப் பழகிய கால், சாலையில் ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் சுழன்று கவிழும். இறக்கத்தில் எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரல் போடுவதோ, கிளட்சை மிதித்துக்கொண்டே இறங்குவதோ கூடவே கூடாது.

6. சட்டமும் இன்சூரன்சும்

சுருக்கமாகச் சொல்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 194-ன்படி, 2019 திருத்தத்துக்குப் பிறகு, அளவுக்கு மீறிய பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். மிகுதியாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. பாரத்தை இறக்கும் செலவும் நம்முடையதே.

மொத்த எடை 3,000 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்திருக்கிறது.

டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும். இன்சூரன்சிலும் டிரெய்லர் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாலிசியைப் பிரித்துப் பாருங்கள். விவசாய உபயோகம் என்று பதிவான டிராக்டரில் செங்கல், மணல் வாடகைக்கு ஓட்டி விபத்து நடந்தால், இழப்பீட்டைக் கம்பெனி மறுக்க வழி கிடைத்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: டிராக்டருக்கு இருக்கை ஒன்றுதான். மட்கார்டில் உட்காருகிறவருக்கும், நடவுக்கும் களைக்கும் டிரெய்லரில் ஏறி வருகிற பெண்களுக்கும் பொதுவாக இன்சூரன்ஸ் பாதுகாப்பு கிடையாது. ஒன்று நடந்தால் அந்தக் குடும்பமும் தெருவுக்கு வரும், நிலத்தை விற்று நாமும் தெருவுக்கு வருவோம். ஆளுக்கு ஆட்டோ, பாரத்துக்கு டிரெய்லர் என்று பிரித்துவிடுவதுதான் அறம்.

7. மண் தாங்குமா?

இதை இயற்கை உழவர்கள் மட்டுமாவது கேட்க வேண்டும். எருவைக் கொட்டி மண்ணைப் பொலபொலப்பாக்குகிறோம். அந்த எருவைக் கொண்டுவரும் வண்டியே மண்ணை மிதித்து இறுக்கினால் என்ன லாபம்? ஈர வயலில் பார வண்டி போனால் காற்றும் நீரும் புகும் துளைகள் நசுங்கும், மண்புழுவின் வழிகள் அடைபடும், வேர் இறங்காது. மேலே இறுகியதை உழுது சரிசெய்யலாம். கனத்த அச்சு கலப்பைக்குக் கீழே இறுக்கியது வருசக்கணக்கில் நிற்கும்.

இறுக்கத்தின் பெரும்பகுதி முதல் தடவை சக்கரம் போகும்போதே ஏற்பட்டுவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு நடைக்கும் புதுத்தடத்தில் போகாமல், ஒரே தடத்தை வண்டிப்பாதையாக ஒதுக்கிவிடுங்கள். ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். கயிறு மாதிரி திரிந்தால் வண்டி இறங்கக்கூடாது, உதிர்ந்தால் இறங்கலாம். எருவை வரப்போரம் கொட்டி, அங்கிருந்து டயர் வண்டியிலோ தள்ளுவண்டியிலோ பரப்புவது மண்ணுக்கு நல்லது.

8. சொந்தமா, வாடகையா?

கடைசியாகப் பணக் கணக்கு. எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான். உங்கள் ஊர் விலையை வைத்து மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

6 லட்சம் ரூபாய் சுமை வண்டி. எட்டு வருசம் கழித்து 2 லட்சத்துக்குப் போகும் என்றால் வருசத் தேய்மானம் 50,000. முடங்கும் பணம் சராசரி 4 லட்சம், அதற்கு 10 சதவீதம் வட்டி 40,000. இன்சூரன்ஸ், வரி, எஃப்.சி. என்று 35,000. ஆக வண்டி வாசலில் சும்மா நின்றாலே வருசத்துக்கு 1,25,000 செலவு.

ஓடினால் டீசல், டயர், ஆயில், பழுது சேர்த்துக் கிலோமீட்டருக்கு 9 ரூபாய். சந்தைக்குப் போய்வர 60 கி.மீ. என்றால் 540. அதே நடைக்கு வாடகை வண்டி 2,000 கேட்கிறது. சொந்த வண்டியில் ஒரு நடைக்கு மிச்சம் 1,460.

1,25,000-ஐ 1,460-ஆல் வகுத்தால் 86. வருசத்தில் 86 நடைக்கு மேல் இருந்தால்தான் சொந்த வண்டி லாபம். இதில் நீங்கள் ஓட்டும் கூலியைச் சேர்க்கவில்லை. வாரம் ஒரு நடை போகிறவருக்கு 52 தான். அவர் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். வாரம் ஒரு நடை போகும் மூன்று உழவர்கள் சேர்ந்தால் 156 நடை. அப்போது சொந்த வண்டி தாங்கும். ஆனால் யார் பெயரில் பதிவு, யார் ஓட்டுவது, பழுதுக்கு யார் எவ்வளவு, விலகினால் என்ன கணக்கு என்பதைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே முன்பணம் கொடுங்கள். நட்பு வேறு, கணக்கு வேறு.

டிராக்டருக்கும் இதே முறைதான். நடைக்குப் பதில் மணிக்கணக்கு. உழவும் பாரமும் சேர்த்து வருசத்தில் எத்தனை மணி ஓடும் என்று எழுதிப் பாருங்கள்.

இந்த மாதப் பயிற்சி

1. ஒரு நோட்டுப் போட்டு, ஒரு மாதம் நீங்கள் கொண்டுபோன, கொண்டுவந்த எல்லாப் பாரத்தையும் எழுதுங்கள்: என்ன சரக்கு, எத்தனை கிலோ, எத்தனை கி.மீ., என்ன வாடகை.
2. வழக்கமாக ஏற்றும் லோடை ஒரு தடவை எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். சிறு கட்டணம்தான்.
3. வழியில் உள்ள மோசமான மேட்டைக் கயிறும் கோலும் வைத்து அளந்து, பத்தடிக்கு எத்தனை அடி ஏறுகிறது என்று குறியுங்கள்.
4. அந்த மேட்டுக்கு மூன்றாம் பகுதியில் உள்ள கணக்கைப் போடுங்கள். எவ்வளவு லோடு ஏறும் என்று வரும்.
5. அந்த லோடுக்குத் தக்க வண்டியின் இரண்டு எண்களை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். 'இதைவிடப் பெரிசு எடுங்க, கடன் ஈசியாக் கிடைக்கும்' என்று சொன்னால், நோட்டைக் காட்டுங்கள்.

ஆறு மாதத்தில் அடைபடாத கடனுக்காக, ஆறு தலைமுறை காத்த நிலத்தை அடகு வைக்கக்கூடாது. தேவைக்கு ஏற்ற வண்டி எது என்பதை உங்கள் நோட்டே சொல்லும்.